புல் விதைக்கு உயிர்த் தண்ணீர் எப்போது?

ஆகஸ்ட் பாதி தாண்டிவிட்டால் டொரொன்டோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், மார்க்கம், ஸ்கார்பரோ, பிராம்ப்டன் என்று நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடங்களில், வாசலுக்கு வாசல் ஒரே வேலை நடக்கும். கோடையில் காய்ந்து சொட்டை விழுந்த புல்தரையைக் கிளறி, கடையில் வாங்கிய விதைப் பையைப் பிரித்துத் தூவி, குழாயைத் திறந்துவிடுவார்கள். பத்து நாளில் பச்சை தெரியும், எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாதி இடம் மறுபடி வெறும் மண். விதை மட்டம் என்று கடையைத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் குருவி தின்றுவிட்டது என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் நடந்தது வேறு. தண்ணீரை நிறுத்தக்கூடாத நாளில் நிறுத்தியிருப்பார்கள்.

இரண்டு செப்டம்பர் எனக்கும் இப்படித்தான் போயிற்று. தஞ்சாவூர்ப் பக்கம் நாற்றங்காலைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால், விதைத்த இடம் காயக்கூடாது என்று தெரியும். தெரியாதது, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை காயக்கூடாது, ஏன் காயக்கூடாது என்பது. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் புல் நின்றது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊற்றணும்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, "முதன்முதலில் நனைத்தது என்றைக்கு?" என்பதைத்தான். விதைத்த தேதியை மறந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, நனைத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் விதைக்குள்ளே இருக்கிறது. காய்ந்த விதை தூங்குகிற உயிர். தண்ணீர் பட்டதும் முதல் சில மணி நேரத்தில் அது கடகடவென்று ஈரத்தை இழுத்துக்கொண்டு ஊதும். அப்புறம் கொஞ்ச நாள் வெளியே எதுவுமே நடக்காதது மாதிரி இருக்கும், ஆனால் உண்மையான வேலை அப்போதுதான் நடக்கிறது. கருவிலிருந்து ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோன் சுரந்து வெளி அடுக்குக்குப் போகும், அந்த அடுக்கு அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்கும், அந்த நொதி விதையில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். கரு அந்தச் சர்க்கரையைத் தின்றுதான் முளைவேரை வெளியே தள்ளுகிறது. பார்லியை முளைகட்டி மால்ட் எடுக்கிறார்களே, அங்கே நடப்பதும் இதேதான். பார்லியும் புல் குடும்பம்தானே.

இதில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு எல்லைக்கோடு. முளைவேர் விதைத் தோலைக் கிழித்து வெளியே வருவதற்கு முன்னால் மண் காய்ந்துபோனால் விதை பெரும்பாலும் சாகாது, மறுபடி தூங்கப்போய்விடும், அடுத்த ஈரத்துக்கு எழுந்துவிடும். நம் ஊர் மானாவாரி விவசாயிகளுக்கு இது புதிதல்ல. சோளத்தை விதைப்பதற்கு முன் சில மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அப்புறம் விதைப்பதை விதை கடினப்படுத்துதல் என்று வேளாண் துறையினர் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஊறிக் காய்ந்த விதை கெட்டுப்போவதில்லை, மழை வந்ததும் முந்திக்கொண்டு முளைக்கிறது. ஆனால் வேர் வெளியே வந்துவிட்டதென்றால் கதை வேறு. அந்த வெள்ளை நூல் சில மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது, அதற்கு எட்டுகிற ஈரம் மண்ணின் மேல் தோலில் மட்டும்தான் இருக்கிறது. ஒரே ஒரு மதிய வெயிலில் அந்தத் தோல் காய்ந்தால் வேர் காய்ந்துவிடும். திரும்பிப் போய்த் தூங்குகிற வழி அதற்குக் கிடையாது.

இதில் கொடுமை என்னவென்றால், வேர் வெளிவருவதற்கும் பச்சை மண்ணுக்கு மேலே தெரிவதற்கும் நடுவில் சில நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் வாசலில் நின்று பார்த்தால் வெறும் மண்தான் தெரியும். "நாலு நாளாச்சு, ஒண்ணும் காணோமே, ஒரு நாள் விட்டால் என்ன" என்று தோன்றுவதும் அப்போதுதான். மண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. விதைத்த அன்றே அதே பையிலிருந்து முப்பது, நாற்பது விதைகளை ஈரமான டிஷ்யூ காகிதத்தில் மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சமையலறையில் வைத்துவிடுங்கள். தினமும் பிரித்துப் பாருங்கள். வீட்டுக்குள் சூடு சீராக இருப்பதால் அங்கே ஓரிரு நாள் முந்தி முளைக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். டிஷ்யூவில் வெள்ளை முனை தெரிந்த நாளிலிருந்து வாசலில் ஒரு வேளைகூடத் தவறவிடக்கூடாது. விதை நல்லதா கெட்டதா என்ற சந்தேகமும் இதிலேயே தீர்ந்துவிடும், கடையைத் திட்ட வேண்டியிருக்காது.

சரி, நம் ஊரில் விதைத்தவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் முளையைக் காப்பாற்றும் உயிர்த் தண்ணீர், அதற்குப் பிறகு மண்ணைப் பார்த்து வாரத்துக்கு ஒரு தரம் என்று மக்காச்சோளமும் நிலக்கடலையும் முளைத்து வருகின்றனவே, இங்கே மட்டும் ஏன் இந்தப் பாடு? விதையின் அளவையும் ஆழத்தையும் பார்த்தால் புரியும். மக்காச்சோளத்தில் ஒரு கிலோவுக்கு மூவாயிரம், நாலாயிரம் விதைதான் இருக்கும். இங்கே தூவும் புல்வகைகளில், பெரெனியல் ரைகிராஸில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 5 லட்சம் விதை. கென்டக்கி புளூகிராஸில் 30 லட்சத்துக்கும் மேல். மக்காச்சோளத்தை நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுகிறோம், பாத்தியில் பாய்கிற தண்ணீர் அதற்கும் கீழே இறங்கி நிற்கிறது, மூன்று நாள் தாங்கும். புல் விதையை அந்த ஆழத்தில் போட்டால் மேலே வந்து சேருவதற்குள் சேமிப்பு தீர்ந்து செத்துப்போகும். அதிகபட்சம் அரை சென்டிமீட்டர் மண்தான் அதற்கு மேலே இருக்கலாம். வெயிலும் காற்றும் உள்ள நாளில் அந்த அரை சென்டிமீட்டர் மண் காலையில் நனைத்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அதனால் புல் விதைக்கு உயிர்த் தண்ணீர் ஒரு நாள் விஷயம் கிடையாது. இரண்டு, மூன்று வாரம் தினமும் கொடுக்க வேண்டிய தண்ணீர் அது.

எவ்வளவு என்றால், கொஞ்சம்தான். தெளிப்பானை 5 முதல் 10 நிமிடம் ஓடவிட்டால் பெரும்பாலும் போதும். மண் மினுமினுக்க ஆரம்பித்து, குட்டை கட்டுவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். மேல் இரண்டு சென்டிமீட்டர் பிழிந்த துணி மாதிரி இருந்தால் அதுதான் பதம். வெயில் நாளில் இது மூன்று தடவை ஆகலாம், மேகமூட்டமான நாளில் ஒரு தடவையே போதும், தூறல் விழுந்துகொண்டிருந்தால் தேவையே இல்லை. பையின் முதுகில் "தினம் இரண்டு முறை" என்று அச்சடித்திருப்பது ஒரு சராசரிக் கணக்கு. உங்கள் வாசல் தெற்குப் பார்த்ததா, மேப்பிள் மரத்து நிழலில் இருக்கிறதா என்பது அதை அச்சடித்தவருக்குத் தெரியாது. டைமர் போட்டு வைப்பது நல்லதுதான், வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை, ஆனால் முதல் ஓரிரு நாள் வீட்டில் இருந்து மண் எத்தனை மணிக்கு வெளுக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் டைமரை வையுங்கள். விதைக்கு மேலே பீட் மாஸை (மக்கிய பாசித் தூள்) மெல்லிசாகத் தூவினால் இந்தக் கவனிப்பு இன்னும் சுலபமாகிவிடும். ஈரமாக இருக்கும்போது அது கரும்பழுப்பாக இருக்கும், காயக் காய வெளிர் பழுப்பாக மாறும், ஜன்னலில் இருந்தே தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பீட் மாஸ் முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காமல் தள்ளும், அதனால் தூவிய உடனேயே நன்றாக நனைத்துவிட வேண்டும்.

இன்னொன்று, விதைப்பதற்கு முந்தின நாளே தரையை ஆழமாக நனைத்து வைத்துவிட்டால், ஒரு சாண் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தெளிக்கிற சின்னச் சின்னத் தண்ணீருக்கு அடியில் ஒரு ஆதரவு இருக்கும். காய்ந்த மண்ணின் மேல் தெளித்தால் அடிமண் அதை உறிஞ்சிவிடும். இதை நிறையப் பேர் செய்வதில்லை. இந்த வட்டாரத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளில் மேல்மண் கொஞ்சம்தான் இருக்கும், அதற்குக் கீழே இயந்திரங்கள் ஏறி இறங்கி இறுகிப்போன களிமண். அந்த மண்ணில் ஒரேயடியாக ஊற்றினால் தண்ணீர் இறங்காது, சரிவில் ஓடும், விதையையும் கூட்டிக்கொண்டு போய் நடைபாதை ஓரத்தில் ஒதுக்கிவிடும். ஓரத்தில் மட்டும் அடர்த்தியாகப் புல் முளைத்து, நடுவில் வழுக்கையாக இருக்கும் வாசல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போதாததற்கு, பெரிய துளிகள் விழுந்த களிமண் காய்ந்ததும் பொருக்குத் தட்டும். அந்தப் பொருக்கை ரைகிராஸ் எப்படியாவது முட்டிக்கொண்டு வந்துவிடும், புளூகிராஸின் மெல்லிய குருத்தால் முடியாது. அதனால்தான் கைக்குழாயைப் பிடித்து விரலால் பீய்ச்சுவது கூடாது. பூவாளி மாதிரி தூவுகிற முனை, இல்லாவிட்டால் மெதுவாக ஆடுகிற தெளிப்பான், இரண்டில் ஒன்று. சரிவான இடமென்றால் மூன்று நிமிடம் ஓடவிட்டு, கால் மணி நேரம் இறங்க விட்டு, மறுபடி மூன்று நிமிடம்.

இப்போது நான் இரண்டு வருடம் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். இங்கே கடையில் விற்கும் பை எதை எடுத்தாலும் பெரும்பாலும் அதில் ஒரே புல் இருக்காது. ரைகிராஸ், ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் மூன்றும் கலந்திருக்கும். மண்ணில் போதிய சூடு இருந்தால் ரைகிராஸ் 5 முதல் 10 நாளில் முளைக்கும். ஃபெஸ்க்யூ வகைகளுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம். புளூகிராஸுக்கு இரண்டு வாரத்துக்குக் குறையாது, ஒரு மாதம்கூட ஆகும். ஆக, எட்டாம் நாள் வாசல் முழுக்கப் பச்சைப் படலம் போர்த்தியது மாதிரி தெரிகிறதே, அது பெரும்பாலும் ரைகிராஸ்தான். "முளைத்துவிட்டது" என்று அன்றைக்குத் தண்ணீரைக் குறைத்தால், அப்போதுதான் வேரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புளூகிராஸ் அத்தனையும் காய்கிறது. பிழைத்த ரைகிராஸ் கொத்துக் கொத்தாக நிற்கும், பக்கத்துக்குப் பரவாது. புளூகிராஸ்தான் மண்ணுக்கடியில் கிழங்கு மாதிரித் தண்டு ஓட்டி இடைவெளிகளை நிரப்பும், நாய் தோண்டின இடத்தையும் குழந்தைகள் ஓடித் தேய்த்த இடத்தையும் தானாகவே மூடும். (பெயரில் கென்டக்கி இருந்தாலும் அது ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்கு வந்த புல்.) நாம் அதிகக் காசு கொடுத்து வாங்குவது அந்தப் புல்லுக்காகத்தான், பத்தாம் நாள் கொன்றுவிடுவதும் அதைத்தான். முதல் பச்சையைப் பார்த்த நாளோடு இன்னும் இரண்டு வாரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், அதுவரை மேல்மண் காயக்கூடாது. கொத்துகளுக்கு நடுவே மயிர் மாதிரி மெல்லிய, வெளிர் பச்சைக் குருத்துகள் வர ஆரம்பித்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள், அவை வந்த பிறகுதான் நிம்மதி.

அந்த இரண்டு வாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. முன்னால் முளைத்த ரைகிராஸுக்கு இவ்வளவு ஈரம் பிடிக்காது. நாற்றங்காலில் வருமே நாற்றழுகல், அது இங்கேயும் வரும். பித்தியம் முதலிய பூஞ்சை போன்ற கிருமிகள் மண்ணோடு ஒட்டின இடத்தில் தண்டைக் கருக்கி, இளம்புல்லை வட்டம் வட்டமாகச் சாய்த்துவிடும். இரவும் புழுக்கமாக, 20 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே இருந்தால் இது வேகமாகப் பரவும். ஜூலையில் விதைத்தவர்கள் அதிகம் இழப்பது இதில்தான். மாலையில் ஊற்றாதே என்று சொல்வதன் காரணமும் இதுதான், வேறு சாஸ்திரம் எதுவும் இல்லை. அதாவது, பச்சை தெரிவதற்கு முன்னால் மாலைத் தண்ணீரால் பெரிய கெடுதல் கிடையாது, நனைந்து கிடக்க அங்கே இலையே இல்லையே. பச்சை வந்த பிறகு கடைசித் தண்ணீரை மாலை நாலு, நாலரைக்குள் முடித்துவிட்டால், இருட்டுவதற்குள் இலை காய்ந்துவிடும். இரவு விழுகிற பனியை நாம் ஒன்றும் செய்ய முடியாது, அதோடு சேர்த்து நாமும் நனைத்து வைக்காமல் இருந்தால் போதும். செப்டம்பர் இரவுகள் குளிர்ந்துவிடுவதால் இந்தப் பயம் பாதி குறையும்.

மத்தியானம் தெளித்தால் துளிகள் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து இலையை எரித்துவிடும் என்று ஒரு பேச்சு இங்கேயும் உண்டு, ஊரிலும் உண்டு. ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். வழவழப்பான இலையில் உட்கார்ந்த துளி இலையைச் சுடவில்லை, மெழுகு பூசிய ரோமங்கள் துளியைத் தூக்கி நிறுத்துகிற சில செடிகளில்தான் அந்த வாய்ப்பே இருக்கிறது. புல்லுக்கு அந்தப் பயம் வேண்டாம். வளர்ந்த புல்தரைக்கு மத்தியானத் தண்ணீர் வீண் என்பது உண்மை, ஒரு பங்கு ஆவியாகப் போகும். ஆனால் விதை முளைக்கிற தரைக்கு மத்தியானத் தெளிப்புதான் உயிரைக் காக்கிறது, ஏனென்றால் மேல்மண் காய்கிற நேரம் அதுதான்.

நீங்கள் ஊரில் இல்லாத வாரமென்றால் என்ன செய்வது? விதையுங்கள், ஆனால் நனைக்காதீர்கள். காய்ந்த மண்ணில் காய்ந்த விதை பொறுமையாக இருக்கும், எறும்பும் குருவியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் நஷ்டம். ஒரு வாரம் நன்றாக நனைத்துவிட்டு நீண்ட வார இறுதிக்கு மூன்று நாள் நயாகரா பக்கம் போய்விட்டு வருவதுதான் மோசம். இங்கே லேபர் டே விடுமுறை செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வருகிறது, ஆகஸ்ட் கடைசியில் விதைத்தவர்களுக்குச் சரியாக அந்த முளைவேர் நாட்களில் வந்து விழும். பக்கத்து வீட்டு அக்காவிடமோ தெருவில் இருக்கும் ஒரு பையனிடமோ குழாயை ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், தண்ணீர்க் கணக்கில் பாதி அதுதான். வசந்தத்தில், ஏப்ரல் மாதம், பனி போனதும் விதைக்கக் கை துறுதுறுக்கும். மண் அப்போது 10 டிகிரிக்குக் கீழே இருக்கும், விதை வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். அது முளைத்து வேர் பிடிப்பதற்குள் ஜூன் வெயில் வந்துவிடும், அதே தண்ணீரைக் குடித்துக் கிராப்கிராஸ் என்ற களையும் கூடவே எழும்பும். ஒன்டாரியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் அழகுக்காகப் புல்தரையில் பெரும்பாலான களைக்கொல்லிகளை அடிப்பதற்குத் தடை இருக்கிறது, நல்ல சட்டம்தான், ஆனால் அதனால் களையை அடக்க அடர்த்தியான புல்தான் நமக்குப் பெரிய துணை. ஆகஸ்ட் பின்பாதியிலிருந்து செப்டம்பர் நடு வரை விதைத்தால் மண்ணில் கோடைச் சூடு மிச்சம் இருக்கும், காற்று குளிர ஆரம்பித்திருக்கும், கிராப்கிராஸ் உறைபனியில் தானாகவே சாகும், மூன்று தடவை ஊற்ற வேண்டிய இடத்தில் ஒன்றரைத் தடவை போதும்.

புல் ஒரு விரல் நீளம் வளர்ந்து, முதல் வெட்டு வெட்டியாகிவிட்டதென்றால் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்ற வேண்டும். நெல்லுக்குச் சொல்வார்களே, காய்ச்சலும் பாய்ச்சலும் என்று, அதாவது மண்ணைக் காயவிட்டு அப்புறம் தண்ணீர் பாய்ச்சுவது, அதுதான் இனி முறை. தினம் தெளிப்பதை விட்டுவிட்டு இரண்டு நாளுக்கு ஒரு முறை, அப்புறம் மூன்று நாளுக்கு ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிக நேரம், கடைசியில் மழையையும் சேர்த்து வாரத்துக்கு 2.5 சென்டிமீட்டர் என்ற அளவுக்கு வந்து நில்லுங்கள். டூனா மீன் டப்பாக்கள் இரண்டு, மூன்றைப் புல்மேல் வைத்துத் தெளிப்பானை ஓடவிட்டால், எத்தனை நிமிடத்தில் எவ்வளவு நிறைகிறது என்று தெரிந்துவிடும். மேல்மண் காய்ந்தால்தான் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். முளைக்கும்போது காய்ச்சல் காட்டினால் புல் சாகும், வேர் பிடித்த பிறகு காய்ச்சலே காட்டாவிட்டால் வேர் மேலேயே படுத்துக்கொண்டு அடுத்த ஜூலையில் சாகும். முதல் வெட்டுக்கு ஒரு நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள், ஈரத் தரையில் இயந்திரச் சக்கரம் இளம்புல்லை வேரோடு பிடுங்கிவிடும்.

செப்டம்பரைத் தவறவிட்டவர்கள் அக்டோபர் நடுவில் அவசரப்பட்டு விதைத்து, நனைத்து, முளைக்க வைத்துவிடாதீர்கள். இரண்டு இலை விட்ட குஞ்சுப் புல் குளிர்காலத்தைத் தாங்குவது கஷ்டம். பொறுத்திருந்து நவம்பரில், தரை உறைவதற்குச் சற்று முன்னால், மண்ணின் சூடு 4 டிகிரிக்கும் கீழே போன பிறகு தூவுங்கள். அந்த விதைக்கு மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். அந்தக் குளிரில் ஈரம் பட்டாலும் அது முளைக்காது. மண் உறைந்து உறைந்து இளகும்போது உண்டாகும் சின்ன வெடிப்புகளில் இறங்கிப் பனிக்கடியில் கிடக்கும், மார்ச், ஏப்ரலில் பனி உருகுகிற தண்ணீரில் தானாகவே ஊறும். கொஞ்சம் விதை வீணாகும் என்பதால் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூவ வேண்டும். ஏப்ரல் கடைசியில் ரைகிராஸ் தலைகாட்டும்போது மழை இல்லாத நாள் எது என்று பார்த்துக் குழாயை எடுத்தால் போதும், புளூகிராஸ் அதற்கு இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் வரும்.